வெடிமருந்து அறை வாசலில் பெண் பார்த்தது

என் தங்கச்சியைப் பெண் பார்த்தது தரங்கம்பாடிக் கோட்டையில். முதலிலேயே வீட்டுக்கு வந்து, பிடிக்காமல் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும் அல்லவா? அதனால் எங்கள் பக்கம் இரண்டு குடும்பமும் முதலில் எங்காவது ‘எதேச்சையாக’ சந்தித்துக்கொள்வது வழக்கம். மாப்பிள்ளை வீடு விருதுநகர். அவருடைய அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். முடித்துவிட்டுப் பக்கத்திலுள்ள கோட்டையைப் பார்க்க வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். நாங்களும் சாத்தூரிலிருந்து வேன் பிடித்து, அத்தனை தூரம் எதேச்சையாகப் போனோம்.

வேன் ஏறியதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பாட்டு. “ஏத்தா, கேட்டா தையல் படிக்கேன்னு சொல்லு. கம்பெனி பேச்சையே எடுக்காத.”

தங்கச்சி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேன். அதைக் கேட்டே இரண்டு வரன் நழுவிவிட்டது. “வெடிக்கிற எடத்துல வேலை பாக்கிற பிள்ளையா?” என்றார்கள், என்னமோ அவள் இடுப்பில் திரியைச் செருகிக்கொண்டு அலைகிற மாதிரி. தீபாவளிக்கு மட்டும் பட்டாசு இனிக்குமாக்கும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப காலம் பூரா மறைச்சே வாழணுமாம்மா?” என்றாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோட்டையில் மாப்பிள்ளை அம்மா அப்பாவோடு நின்றார். அப்பா இன்னும் மஞ்சள் வேட்டியில்தான் இருந்தார். மாப்பிள்ளை ஆள் லட்சணம்தான். தங்கச்சியிடம் பேச வெட்கப்பட்டு, பலகையில் எழுதியிருந்ததையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். டேனிஷ்காரர்கள் மிளகு வாங்க வந்தது, தஞ்சாவூர் ராஜாவிடம் இடம் வாங்கிக் கட்டியது, கடைசியில் இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுக் கப்பலேறியது. உப்புக்காற்றில் காரை உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. கடல் பக்கத்து மதிலைக் கடலே தின்றுவிட்டதாம்.

பிறகு கீழ்த்தளத்து அறைகளுக்கு இறங்கினோம். “இது சாராயம் வச்ச ரூம். இது வெடிமருந்து ரூம்” என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான். தங்கச்சி, கம்பெனியில் மருந்து அறைக்கு முன்னால் செய்கிற மாதிரியே, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வாசலை மறித்து நின்று, மாப்பிள்ளை முன்னால் கையை நீட்டினாள்.

“பையில என்ன வச்சிருக்கீக? எடுங்க.”

தினமும் காலையில் கம்பெனி கேட்டில் நின்று கேட்கிற அதே குரல்! அதற்குப் பெரிய பெரிய மீசைக்காரர்களே பேசாமல் பீடிக்கட்டை எடுத்து வைப்பார்கள். மாப்பிள்ளை எம்மாத்திரம்? பேண்ட் பைக்குள் கையை விட்டு, ஒரு லைட்டரையும் சிகரெட் பெட்டியையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டார்.

அந்த அறையில் மருந்து தீர்ந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. அன்றைக்கு வெடித்தது.

“ஏலே! சிகரெட்டைத் தொடவே மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேலே!” என்று மாப்பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில், செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. எங்கள் அம்மா என் கையைக் கிள்ளினாள். என்னை எதற்குக் கிள்ளினாள் என்று இன்றுவரை தெரியாது.

அந்த அம்மாள் தங்கச்சி பக்கம் திரும்பினார். “நீ எங்கம்மா இதைப் பழகுன? தரகர் சொன்ன தையல் கிளாஸ்லயா?”

“இல்ல அத்தே. பட்டாசு கம்பெனில ஃபோர்மேனா இருக்கேன். கல்யாணத்துக்குப் பெறகும் போவேன்.”

“பட்டாசு கம்பெனியா...” என்று இழுத்தார் மாப்பிள்ளையின் அப்பா. அந்த இழுப்பு எங்களுக்கு நன்றாகத் தெரியும். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். வழியெல்லாம் பொய் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்த அதே அம்மா. “ஆமாண்ணே, பட்டாசு கம்பெனிதான். மொதலாளியே வந்தாலும் ஏம் பிள்ளைகிட்ட பையைக் காட்டிட்டுத்தான் உள்ள போகணும். அவ இருக்கான்னுதான் அம்புட்டுப் பேரும் நிம்மதியா வேலை பாக்காக” என்றாள். தங்கச்சி அம்மாவையே பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தங்கச்சி கையிலிருந்த லைட்டரையும் சிகரெட் பெட்டியையும் வாங்கிக்கொண்டார். மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தங்கச்சியின் தோளில் கை வைத்தார்.

“நீ வேலையை விட வேண்டாம்த்தா. இவன் சிகரெட்டை விடட்டும்.”