பம்புசெட் தொட்டியில் பதினைந்து விநாடி

பம்புசெட் தண்ணீர் தொட்டியில் விழுவதை நான் கைப்பேசியில் படம் எடுத்த அந்தச் சாயங்காலம், மதினி தொட்டியின் ஓரமாக நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூமாப்பட்டிப் பக்கத்து எங்கள் வயலுக்கு நடவுப் பெண்களைக் கூட்டி வருபவர் அவர். உறவில்லை என்றாலும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வேலை முடிந்ததும் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அங்கே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

“எம்புட்டு நேரந்தான் தண்ணியவே படம் புடிப்பீக டீச்சர்? அது என்ன உங்களப் பாத்துச் சிரிக்கவா போகுது?”

மற்றவர்கள் சிரித்தார்கள். “தண்ணிய மட்டுந்தான் மதினி” என்றேன். நான் பெண் என்பதால்தான் அவர் நகராமல் அங்கேயே நின்றார்.

ராஜபாளையத்தில் ஆசிரியையாக இருக்கும் நான், வயலை ஒட்டிய எங்கள் தென்னந்தோப்பை அப்போதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டிருந்தேன். பம்புசெட் குளியல், இலைச் சாப்பாடு, திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஆனால் யாரும் வரவில்லை. அன்று எடுத்த ரீல்ஸ் பதினைந்து விநாடிதான். அதன் ஓரத்தில் மதினி ஈரப் பாவாடையோடு திரும்பிச் சிரிக்கிறார். கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கவனித்தேன். அவர் இருப்பது அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்து, அப்படியே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன்.

அடுத்து வந்த வியாழக்கிழமை காலையிலேயே மதினி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். “பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல நான் குளிக்கது வருது டீச்சர். பட்டாளத்துல இருக்க மவன் பாத்தாம்னா என்ன நெனப்பான்? அழிச்சிருங்க.”

“இப்பவே அழிச்சிருதேன்” என்றேன். ஆனால் சனி, ஞாயிறுக்கு இடம் கேட்டு மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. அந்த ரீல்ஸைப் பார்த்துத்தான் எல்லாரும் கேட்டார்கள். ஞாயிறு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். அதே வாரம், கல்லூரியில் படிக்கும் என் மகள் தாவணியில் எடுத்த படத்தைப் போட்டிருந்தாள். கண்டவனும் பார்ப்பானே என்று பதறி, நாலு முறை அழைத்து, பத்தே நிமிடத்தில் அதை எடுக்க வைத்தேன்.

சனிக்கிழமை, வடக்கே ஏதோ ஒரு முகாமில், கூட இருந்தவன் அதை மதினியின் மகனுக்குக் காட்டியிருக்கிறான். “இந்த வயசுல ஒனக்கு இதெல்லாம் தேவையா?” என்று அம்மாவிடம் கேட்டவன், ஒரு மாதம் பேசவில்லை. நான் திங்கட்கிழமைதான் அழித்தேன்.

மதினி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அன்னைக்கே அழிச்சிட்டீகள்ல?”

“ஆமா.”

“அப்ப நீங்க என்ன செய்வீக? வேற எவனாவது எடுத்து வச்சிருப்பான். மனச விட்ராதீக” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் மறுபடியும் நடவு நடந்தது. வரப்பில் நின்று மகனோடு பேசிக்கொண்டிருந்த மதினி, என்னைக் கண்டதும் ஸ்பீக்கரைப் போட்டார். “டீச்சர் மேல கோவப்படாதலே. அவிய அன்னைக்கே அழிச்சிட்டாவ. நீயே கேளு” என்று போனை என் பக்கம் நீட்டினார்.

“அப்படியா டீச்சர்?” என்றான் அவன்.

சொல்லியிருக்கலாம். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா தம்பி” என்றேன்.

மதினிக்கு முகம் தெளிந்துவிட்டது. “வாரேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு, வெளியூர்ப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்த தொட்டியைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேறு காய்ந்த கால்களோடு வீட்டுக்கு நடந்தார்.