அத்தான் வாங்கி வந்த லென்ஸ்

என் அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகல் முழுக்க மைக்ராஸ்கோப் மேல் குனிந்தே இருப்பாள். வீட்டுக்கு வந்தாவது நிமிர்வாளா என்றால், கேமராவைத் தூக்கிக்கொண்டு பால்கனிச் செடிகளின் மேல் குனிந்துவிடுவாள். அங்கே குடியிருக்கும் எறும்பும் சிலந்தியும் அவளுக்கு அவ்வளவு வேண்டப்பட்டவர்கள். அந்த வீட்டில் ஓசிச் சாப்பாடு சாப்பிடும் தம்பி நான். எனக்குக்கூட அந்த உபசாரம் கிடையாது.

அவளிடம் இருந்தது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். அதில் பூச்சி பெரிதாகத் தெரிய, அதன் மூக்குக்கு நேரே போயாக வேண்டும். போவதற்குள் லென்ஸின் நிழல் விழும், சிலந்தி கம்பி நீட்டிவிடும். "நூறு மில்லிமீட்டர்ல ஒரு மேக்ரோ லென்ஸ் இருந்தா, எட்ட நின்னே பூச்சியைப் பெருசா எடுக்கலாம்" என்று புலம்புவாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான் அதை மனதில் வைத்துக்கொண்டார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் வாங்கி வந்த எதுவும் அக்காவுக்குப் பொருந்தியதில்லை. செருப்பு கடித்தது, கடிகாரம் கழன்று விழுந்தது. "இந்தத் தடவையாவது சரியா அமையணும்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைக் கொடுத்தார்.

உள்ளே முழங்கை நீளத்துக்கு முந்நூறு மில்லிமீட்டர் ஜூம். பக்கவாட்டில் 'மேக்ரோ' என்று எழுதியிருந்தது வாஸ்தவம். சில ஜூம்களில் அப்படி எழுதிவைப்பார்கள். மற்றதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் எடுக்கும், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் படத்தில் சிலந்தி மிளகளவு இருந்தது.

அத்தான் எட்டிப் பார்த்தார். "தப்பா வாங்கிட்டேனா?"

"தப்புதாங்க" என்றாள் அக்கா. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாராம். அத்தானின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய் சொன்னால்தான் என்னவாம்?

நான்காம் நாள், இரண்டு பக்கமும் மரை உள்ள ஒரு வளையத்தோடு வந்தாள். பெரிய லென்ஸின் முகப்பில் தன் பழைய லென்ஸைத் திருப்பி, முகத்தோடு முகம் வைத்துத் திருகினாள்.

"முந்நூறை ஐம்பதால வகுங்க" என்றாள்.

"ஆறு" என்றார் அத்தான், சுரத்தில்லாமல்.

"ஆறு மடங்கு! நான் கேட்ட லென்ஸ் ஒரு மடங்கோட, நிஜ அளவோட நின்னுடும். ஆனா பழையபடி கிட்டத்துல போகணும். காலையில குளிருக்குச் சிலந்தி ஓடாது, அப்ப வந்து லைட் பிடிங்க."

மறுநாள் விடிந்ததும் கேமரா முக்காலியில் ஏறியது. படத்தில் கூர்மையாக விழும் இடம் ஒரு நூல் கனம்தான், மூச்சு விட்டாலே கலைந்துபோகும். டார்ச்சுக்கு முன்னால் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி அத்தான் ஒரு மணி நேரம் ஆடாமல் நின்றார். லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்த கை!

இப்போது அந்தப் படம் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. சட்டம் முழுக்கச் சிலந்தியின் முகம். வருகிறவர்கள் வாய் பிளக்கும்போது அத்தான் முந்திக்கொண்டு போய், அதன் கரிய கண்ணில் கிண்ண வெளிச்சம் பட்டு மின்னும் வெள்ளைப் புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்.

"இது நான்."

பொய் சொல்ல வராத அக்கா பக்கத்தில் நின்று, "ஆமா, அவர்தான்" என்பாள்.