ஆறரைக்குக் கிடைத்த ஒன்றரை

எங்கள் பத்திரிகையின் கால்பந்து நிருபரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறரை என்றால்தான் வாயிற்காவலருக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவர் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஆறரைக்கு மேல் ஒருவருக்கும் போட்டதில்லை. அவர் பக்கத்தை வடிவமைக்கும் உதவி ஆசிரியன் நான். அந்த மார்க்குக்காக வரும் வசவுத் தொலைபேசிகளை எடுத்து எடுத்துக் காது புளித்தவனும் நான்தான்.

வீட்டிலும் அதே கதை. மனைவியின் சமையலுக்கு ஐந்தரை போடுவார். "அப்ப நாளைக்கு நீங்களே சமைங்க" என்று அந்த அம்மா கரண்டியை நீட்டினால், "ருசி சொல்ல நாக்கு போதும்" என்பார். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். மனுஷர் வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்ததில்லை.

போன பருவத்தில் கிளப்பின் மூத்த தடுப்பாட்டக்காரருக்கு இரண்டு போட்டுவிட்டார். கிளப் கொதித்துப்போய்க் கடிதம் அனுப்பியது: மைதானத்தில் நிருபர் வரிசையில் உட்கார வேண்டுமானால், இனி நாங்கள் நடத்தும் பத்து நாள் பயிற்சியாளர் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். தேறாவிட்டால் ஆறரையைச் சந்தை நிலவரப் பக்கத்துக்கு மாற்றிவிடுவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை வெங்காய விலை எழுத வேண்டியதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் வகுப்புக்கு அனுப்பினார். அவர் தோற்றால் அந்த நாற்காலி எனக்கு. மனதுக்குள் எனக்கு ஆசை இருந்தது, மறைப்பானேன்.

வகுப்பெடுக்க வந்தவர் வேறு யாருமில்லை, இரண்டு மார்க் வாங்கிய அதே ஆட்டக்காரர்.

ஐம்பத்து மூன்று வயதில் ஆறரை முதன்முதலாக அரைக்கால் சட்டை வாங்கினார். விதிகள், வியூகங்கள் எல்லாவற்றிலும் பிய்த்து உதறினார். ஒன்பதாம் நாள், வகுப்புக்கு வந்திருந்த வழுக்கைத் தலை வானொலி நிருபர் உட்பட எங்கள் எல்லோரையும் இரண்டு அணியாகப் பிரித்து, எண் இல்லாத சட்டை கொடுத்து, இருபது நிமிடம் ஆடவிட்டார்கள். நான்காவது நிமிடமே ஆறரைக்கு மூச்சு முட்டியது.

பத்தாம் நாள் பரீட்சை. முந்தின நாள் ஆட்டத்தை மாடியிலிருந்து படம் பிடித்திருந்தார்கள். ஒருவரைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தது. அவருக்கு மார்க் போட்டுக் காரணமும் எழுத வேண்டும். வட்டத்துக்குள் இருந்தது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஒரே ஒருவரைத் தவிர. ஆறரை சிரித்துக்கொண்டே எழுதினார். பயிற்சியாளர் அதை உரக்கப் படித்தார்.

"பந்து வலப்பக்கம் போனால் இவர் இடப்பக்கம் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் வருபவனை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. தொலைந்த செருப்பைத் தேடுபவர்போல ஓடுகிறார். ஒன்றரை மார்க். அதில் அரை, நேரத்துக்கு வந்ததற்காக."

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வானொலிக்காரர் மனசு நோகக் கூடாதேன்னுதான் அந்த அரை" என்றார் ஆறரை பெருமையாக.

"சார், அது வானொலிக்காரர் இல்ல. நீங்க."

பயிற்சியாளர் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார். உச்சந்தலையில் வழுக்கை பளபளத்தது. ஆறரையின் கை தானாகத் தன் தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது. தனக்கு அங்கே வழுக்கை விழுந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"மாத்தணும்னா இப்பவே மாத்திக்கலாம் சார்" என்று தாளை நீட்டினார் பயிற்சியாளர்.

தனக்கென்றதும் மார்க்கை மாற்றினால் பத்தொன்பது வருடப் பெயர் தொலைந்தது. எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வேணாம். சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். நாற்காலிக்கு ஆசைப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. பயிற்சியாளர் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். அதிலும் ஒன்றரைதான். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தேநீர் குடிக்கும்போது ஆறரை அவரிடம் மெதுவாகக் கேட்டார். "நான் ரெண்டு போட்டன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க தம்பி?"

"எங்க தெருக் கடையில இருந்த அத்தனை பேப்பரையும் வாங்கிட்டேன் சார். யாரும் படிக்கக் கூடாதுன்னு. அடுத்த தெருவுக்குப் போனா, அங்க என் மாமனார் விரிச்சு வச்சுப் படிச்சிட்டிருக்காரு."

அவரே சிரித்துவிட்டார். ஆறரை சிரிக்கவில்லை. தேநீரையும் பாதியில் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் அந்தத் தடுப்பாட்டக்காரர் மறுபடி சொதப்பினார். சாயங்காலம் பக்கத்தை முடிக்க நான் கத்திக்கொண்டிருக்க, ஆறரை பட்டியலில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனது கரைந்து ஐந்து போடப்போகிறார் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். அந்த ஆட்டக்காரருக்கே போன் போட்டார்.

"தம்பி, மூணு போட்டிருக்கேன். பேப்பர்ல பாக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு..."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"மூணா? நான் ரெண்டரைன்னு நெனச்சேன் சார்."