கருவாட்டுக் காத்தான் கடலில் விழுந்த சத்தம்

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் எருமைகளை இறக்கிவிட்டு நின்றிருந்தேன். காலை ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ் கரையோரம் வேகத்தைக் குறைத்தது. ஒரு பையன் சன்னலில் தலையை நீட்டி, "தாத்தா, கருவாட்டுக் காத்தான் பூட்டாரு!" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

சேவியர் என்ற பெயர் அந்தப் பையனுக்குத் தெரியுமோ என்னவோ. அதே பஸ்ஸைப் பல வருஷம் ஓட்டியவர் அவர். ஒரு கார்ட்டூன் படத்தில் வருகிற சின்னக் கடல் கொள்ளைக்காரனுக்குத் தமிழில் குரல் கொடுத்தார். அவன் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அவரோடு பஸ்ஸில் போனவர்களுக்கும், அவர் வீட்டு வரிசையில் குடியிருந்தவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

படத்தில் காத்தான் வருவது கொஞ்ச நேரம்தான். கொள்ளைக்காரத் தலைவனுக்குப் பின்னால் நின்று கருவாடு கடித்துக்கொண்டிருப்பான். எதைச் சொன்னாலும் தப்பாகச் செய்து உதை வாங்குவான். பாதிப் படத்தில் பாய்மரத்து உச்சியிலிருந்து கடலில் விழுவான். அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அந்த வாய்ப்பு வந்ததும் ஒரு வேடிக்கை. தவக்காலத்தில் சர்ச் மைதானத்தில் போடுகிற சிலுவைப்பாடு நாடகத்தில் இடப்பக்கக் கள்ளனாகச் சிலுவையில் தொங்கியவர் சேவியர். அந்தக் குரலைக் கேட்ட யாரோ ஒருவர் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "திருடனா இருந்தேன் அண்ணாத்தே, கொள்ளைக்காரனா ப்ரமோஷன் குடுத்துட்டாங்க" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு மார்கழிக் காலையில். பனி இறங்கியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஏரிக்கு அப்பாலுள்ள கம்பெனிக் கட்டடம் அடிப்பாகம் தெரியாமல், விளக்குகளோடு கப்பல் போல மிதக்கும். அதைப் பார்த்தபடி நின்றிருந்தபோது உயிர் போகிற மாதிரி ஓர் அலறல் கேட்டது. யாரோ முழுகுகிறார்கள் என்று தண்ணீரில் குதித்துவிட்டேன். தேடித் தேடிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம்.

"யாருய்யா முழுகினது?" என்று கத்தினேன்.

"நான்தான்." கரையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார்.

"நீ மேல நிக்கிறியே?"

"நான் முழுகினது கடல்ல, அண்ணாத்தே. இது ஏரி. வா மேல, ஜன்னி வந்துரப் போவுது."

கைகொடுத்துத் தூக்கினார். காத்தான் கடலில் விழுகிற அலறலை வரிசை வீட்டில் கத்திப் பழகினால் அக்கம்பக்கம் ஓடிவருகிறதாம், அதனால் இங்கே வந்தாராம். வேட்டியைப் பிழிந்துகொண்டே நான் திட்டினேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "நெசமா ஆள் முழுகுற மாதிரியே இருந்துச்சா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எருமையே மெரண்டு பூட்ச்சுய்யா."

"அப்ப சரி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதன் பிறகு அவர் வண்டி எடுக்குமுன் கரையில் உட்கார்ந்து பேசுவது வழக்கமானது. டப்பிங் என்றால் என்னவென்று அவர்தான் சொன்னார். "வாயி அவுங்க வரைஞ்சது. வார்த்தைதான் நம்மளுது. அது மூடுனா நாமளும் மூடணும். முதுகைக் காட்டிட்டான்னா மட்டும் நம்ம இஷ்டம், இன்னா வேணா பேசலாம்."

காத்தான் விழுகிறபோது முதுகைக் காட்டிக்கொண்டுதான் விழுகிறான். பதிவு செய்த அன்று சேவியர் அலறி முடித்துவிட்டார். காத்தான் இன்னும் விழுந்துகொண்டே இருந்தான். மீதி நேரத்துக்கு வாயில் வந்ததைப் போட்டுவிட்டார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது தெருவிலிருந்து மனைவி ரோசிக்குச் சொல்கிற பேச்சு அது: "ரோசி, சோத்த மூடி வை, வந்துர்றேன்!" அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள்.

டிவியில் அதைக் கேட்ட ரோசிக்கு வந்த கோபத்தை வரிசை முழுக்கப் பார்த்தது. "இன்னாய்யா இது, ஊரு பூரா என் பேரை ஏலம் போட்டுட்ட!" சின்னப் பசங்கள் ரோசியைக் கண்டாலே "சோத்த மூடி வை!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். சேவியர் சில நாள் கடைச் சோறுதான் சாப்பிட்டார்.

பஸ்ஸிலும் அதே குரல்தான். ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் பாதி வழியிலேயே தூங்கிவிடுவார்கள். நிறுத்தம் வந்ததும், "ஏய் மாலுமிங்களா, ஒரகடம் துறைமுகம் வந்துட்ச்சு! எறங்குங்கடா, கப்பலு திரும்பணும்!" என்பார். தமிழ் தெரியாத வடநாட்டுப் பையன்கள்கூடச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

பிறகு தொண்டையில் நோய் வந்தது. குரல் பெட்டியை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். எடுத்தார்கள். உதடு அசையும், சத்தம் வராது. ரோசிக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எனக்கு எழுத்து தெரியாதே, என்ன செய்வது? அவர் வாயையே பார்ப்பேன், அது அசைகிறபடி நான் சத்தமாகப் பேசுவேன். சரியாகச் சொன்னால் தலையாட்டுவார். தப்பாகச் சொன்னால் சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரிப்பார். போகப் போக எனக்குத் தப்பவே இல்லை. அவர் பேச, என் குரல் கேட்கும். சில நேரம் யார் பேசுகிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோகும்.

ஒருநாள் கேட்டேன், "காத்தான் செத்தே பூட்டானாய்யா?"

அவர் வாய் அசைந்தது. நான் சொன்னேன்: "செத்தான்னு படத்துல யாரு சொன்னா? வுழுந்தான், அவ்ளோதான். கடலுக்கடியில நடந்துகினே கீறான். ஒருநாள் நம்ம ஏரியில வந்து கரை ஏறுவான்." இரண்டு பேரும் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோய் திரும்பி வந்தபோது சிலேட்டைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. ரோசிக்கு அதுதான் பெரிய தவிப்பு. "நான் அவர் கண்ணைப் பார்க்கிறேண்ணா, அழுகை வருது, வாயப் பார்க்க முடியலை. கடைசியா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாருன்னா எனக்குத் தெரியணும். நீ கூட இரு" என்றாள். இருந்தேன். தண்ணி, ஜன்னல், கால் வலிக்குது, ஜெபம் சொல்லு. அவர் கேட்டதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பின்னால் நின்ற எங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. காதோரம் தாடை மட்டும் மெல்ல அசைந்தது. ரோசி சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தாள். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"அண்ணா, என்னமோ சொல்றாரு. இன்னா சொல்றாரு?"

நான் அந்த முதுகைப் பார்த்தேன். பிறகு அவர் குரலில், என்னால் முடிந்த அளவுக்கு அவர் குரலில், சொன்னேன்: "ரோசி, சோத்த மூடி வை, வந்துர்றேன்."

அவள் கையிலிருந்த தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். சேவியரின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா, தெரியவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பினேன். மறுநாள் காலைதான் அந்தப் பையன் பஸ்ஸிலிருந்து சொல்லிவிட்டுப் போனான்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ரோசி என் பக்கத்தில் நடந்து வந்தாள். "அண்ணா, மூஞ்சி அந்தப் பக்கம் இருந்துச்சே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முதுகைக் காட்டிட்டா நம்ம இஷ்டம்னு அவருதாம்மா சொல்லிக் குடுத்தாரு."

அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்துவிட்டாள். "பொருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த அலறலைத்தான். பனிக் காலையில், கம்பெனிக் கட்டடம் மிதக்கிற நேரத்தில், ஒருமுறை அதே மாதிரி கத்திப் பார்க்கிறேன். எருமைகள் தலையைத் தூக்குகின்றன. இப்போது நான் தண்ணீரில் குதிப்பதில்லை. எந்தப் பக்கம் கரை ஏறுகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.