எகிப்து எந்தப் பக்கம்

உபதேசியார் டப்பாவைக் குலுக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

கடல் கடந்து நாங்கள் வேலைக்கு வந்த ரப்பர் தோட்டம் கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங் போகும் வழியில் இருந்தது. வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அத்தாப்பு ஓலைக் கொட்டகைதான் கோயில். வருஷப் பிறப்புக் காலையில் உபதேசியார் வசனங்களைத் துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டு வருவார். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். அவர் அதை வாசித்து விளக்கம் சொல்வார். அந்த வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்துக்கு அதுதான் ஆண்டவர் வாக்கு.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு நாகப்பட்டினம் வரை கப்பல் இலவசம் என்று துரை சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் பேர் கொடுக்க வேண்டும். நான் போவதென்று முடிவு பண்ணி, மனைவியிடம் சொன்னேன். அவள் பேசவில்லை. சரியென்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷப் பிறப்பன்று எல்லார் முன்னும் டப்பாவைக் குலுக்கி நீட்டியவர், என் மனைவி முன்னால் மட்டும் சும்மா நீட்டினார். மேலே கிடந்ததை அவள் எடுத்துக் கொடுத்தாள். வாசித்தார். பஞ்ச காலத்தில் ஆண்டவர் ஈசாக்கிடம், எகிப்துக்குப் போகாதே, நான் காட்டும் தேசத்திலேயே இரு என்று சொன்ன இடம்.

"கப்பலுக்குப் பேர் குடுக்கறவங்க யோசிச்சுக்குங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அவர்மேல் எனக்கு முன்னாலேயே ஒரு சந்தேகம். சம்பளம் குறைந்த மாதம், வேலைக்காரன் எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணினார். துரை தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்து எங்கள் லயத்து வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தார். டப்பா கையில் இருந்தது.

"ஐயா, எகிப்து எது?" என்றேன்.

"என்னப்பா கேள்வி? ஊர்தான் எகிப்துன்னு வச்சுக்க."

"எகிப்துல ஆண்டவரோட சனங்க செங்கல் அறுத்தாங்க. மேல ஆள் நின்னு அடிச்சான். ஊர்ல என்னை யாரும் அடிக்கல. இங்க கங்காணி அடிக்கிறான். அப்போ எகிப்து இதுதானே?"

சிரித்தார். "நீயே விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிட்டியா? எம் வேலை போச்சு போ."

"நாங்கல்லாம் கப்பல் ஏறிட்டாதான் உங்க வேலை போகும்."

சிரிப்பு நின்றது. "எம் பொழப்புக்காக வேதத்தைத் திருப்புறேங்கிறியா?"

"டப்பாவைக் குடுங்க."

கொடுத்தார். மிஞ்சிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். நேரம் பிடித்தது. அவர் காப்பியைத் தொடவில்லை. மேய்ப்பன், சமாதானம், ஆறுதல். யாருக்கு வந்தாலும் பொருந்துகிற வசனங்கள். போ, இரு என்று ஒன்றிலும் இல்லை.

"எனக்கு மட்டும் எப்படி ஐயா இது வந்துச்சு?"

அவர் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்.

"அவரை விடுங்க. நாந்தான் எழுதிப் போடச் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீங்களா? கப்பல்னீங்க. திரும்பிப் படுத்துட்டீங்க."

அவள் வெளியே வந்தாள்.

"உங்கப்பா செத்தப்புறம் ஊருக்குப் போனோமே. உங்கண்ணன் வீட்டுல எனக்கு மாட்டுக் கொட்டாய்ல சோறு. தின்ன தட்டைக் குச்சியால தள்ளுனாங்க. நீங்க உள்ள உக்காந்து தின்னீங்க. இப்போ நமக்குப் பொம்பளப் புள்ள இருக்கு. அதுக்கும் அங்கதான் தட்டு வைப்பாங்க."

அவள் வேறு சாதி. இந்தத் தோட்டத்தில் பார்த்து, ஞானஸ்நானம் எடுத்துக் கட்டிக்கொண்டேன். அந்தக் கொட்டாயைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதில்லை.

உபதேசியார் எழுந்தார். "தம்பி, உன் சம்சாரம் வந்து அழுதுச்சு. நான் பேசுனா நீ கேக்க மாட்டே. வசனத்துக்குத்தான் பயப்படுவேன்னு நெனச்சேன்."

"வசனத்துக்குப் பயம்தான். உங்க கை எழுதிப் போட்டதுக்குத்தான் பயமில்ல."

தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் அழுததற்காகச் செய்தாரா, தன் கொட்டகை காலியாகாமல் இருக்கவும் செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் முதலாவதைத்தான் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் முன்னால் வரிசை நின்றது. நான் போவதாக ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். கிராணி என்னைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"நான் போகலீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வரிசையில் ஒருவன், "அண்ணனுக்கு வேதத்துல வந்துச்சாம். கோயில்ல பேசிக்கிட்டாங்க" என்றான்.

"வேதமில்ல" என்றேன். "எம் பொண்டாட்டி வரமாட்டேங்குது."

சிரித்தார்கள். "பொண்டாட்டி பேச்சைக் கேக்கறவனை வெச்சுக்கிட்டு துரை என்ன பண்ணுவாரு?" என்றான் இன்னொருவன். கிராணியும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று வேலை உள்ள நாள். நேரே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன்.