மலைக்குத் தனியே வந்தவள்

என் கணவருக்கு மலைப் பைத்தியம் பிடித்தது கனடாவில் மொன்றியலுக்கு வந்த பிறகுதான். யாழ்ப்பாணத்தில் மலை ஏது? துறைமுகத்துப் பக்கம் பெட்டி ஏற்றும் வேலையில் கூட இருந்த ஒருவர், நகரத்துக்கு வெளியே தனித்தனியாக நிற்கும் குன்றுகள் எல்லாம் அந்தக் காலத்து எரிமலைகள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த வாரமே ஒரு மட்டக்களப்பு அண்ணையின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

நான் போனதற்குக் காரணம் வேறு. ஊரில் கலியாணம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோட்-டெ-நெய்ஜில் இருந்த சின்ன வீட்டில் எங்களோடு வாடகை பகிர்ந்த ஆறு பொடியன்கள். நடுவில் சுவர் இருந்தது உண்மைதான். ஆனால் நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி வேணுமோ அக்கா" என்று கேட்பார்கள். புருஷனோடு வாய்விட்டுச் சண்டை பிடிக்க இடமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எரிமலைக்குப் போய்ச் சண்டை பிடித்தோம்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் என் பயம்தான். சென்-புருனோ மலையில் கரடி வரும் என்று ஒரே பிடியாக நின்றேன். ரூஜ்மொன்னில் நான் உட்கார்ந்த கல் சுட்டது. "வெயில் பட்ட கல்லப்பா," என்றார் அவர். அந்த மலைகளின் நெருப்பு வெளியே வராமல் நிலத்துக்குள்ளேயே ஆறிப்போனது என்று பல வருடங்களுக்குப் பிறகு வாசித்தேன். அன்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உண்மையில் நான் பயந்தது கரடிக்கோ கல்லுக்கோ அல்ல, மரங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாததற்கு. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. சத்தம் கேட்டதும் ஆம்பிளைகள் பின்பக்கத்தால் ஓடிவிட வேண்டும். பெண்கள் நின்று முகம் கொடுக்க வேண்டும். யார் கேட்டாலும் நான் தனிய, வேறொருவரும் இல்லை என்று சொல்ல வேண்டும். சமையலைவிட இதைத்தான் அம்மா எனக்கு நன்றாகப் பழக்கியிருந்தார்.

அந்த ஒக்டோபர் ஞாயிறு சென்-இலேர் மலையில் ஏறினோம். இறங்கும் வழியில் அவர் தன் ஜக்கெற்றைக் கழற்றி ஒரு பாறையில் விரித்து என்னை இருத்தினார். பாணும் சம்பலும் எடுத்தோம். பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணீர் ஊற்றினேன். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு அடுத்தடுத்து.

"ஓடுங்கோ," என்றேன்.

அவர் ஓடினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, அதுதான் முறை. நான் அவருடைய தேத்தண்ணீரை மண்ணில் ஊற்றி, கோப்பையைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். அவர் கடித்து வைத்த பாணை நானே விழுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பச்சைச் சீருடை போட்ட காவலர்கள் இருவர் பாதையில் வந்தார்கள். மலையடி வாசலைப் பூட்டப்போகிறார்களாம். தனியாகவா வந்தாய் என்று மூத்தவர் பிரெஞ்சில் கேட்டார்.

"வூய்," என்றேன். ஆம், தனியாக.

அவர்களுக்கு முன்னால் நடந்து இறங்கினேன். முதுகு விறைத்திருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அவர் தப்பிவிட்டார் என்று.

கீழே எங்கள் கார் ஒன்றுதான் நின்றது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியும் அவரிடம். அந்த வெடி ஆற்றில் வாத்து, எங்கள் பேச்சில் தாரா, சுடுகிறவர்களுடையது, பயப்படாதே என்று இளையவர் கையால் துவக்குச் சுடுவதுபோல் காட்டி விளக்கினார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பாறையில் விரித்திருந்த என் கணவருடைய ஜக்கெற் என்னிடம் இருந்தது. வெயில் போய்க் குளிர்காற்று எழும்பிவிட்டது. வெறும் சேர்ட்டோடு அவர் காட்டுக்குள் நிற்கிறார். ஒருவரும் தேடப்போவதில்லை. தேடாமல் செய்தவள் நான்.

சொல்ல வேண்டியது இரண்டு சொல். ஆனால் சீருடை போட்டவனிடம், என் புருஷன் அங்கே ஒளிந்திருக்கிறார் என்று சொல்வதா? வாய் வரவில்லை. கடைசியில் ஜக்கெற்றைத் தூக்கி மலைப்பக்கம் காட்டி, "மொன் மரி," என்றேன். என் கணவர். சொன்னதும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

மூத்தவர் ஒன்றும் ஏசவில்லை. லைற்றை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினார்கள். நானும் பின்னால் ஏறினேன். "மிஸ்யூ", ஐயா, என்று கத்திப் பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார்கள்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டேன். ஒரு சருகும் அசையவில்லை. "அது தாரா சுட்டதாம். ஆமி இல்லை. வாங்கோ." குரல் கிழியக் கிழியக் கூப்பிட்டேன். இருண்டுகொண்டு வந்தது. விழுந்து கிடக்கிறாரோ, விறைத்துப் போனாரோ என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினேன். கடைசியில் குரல் அடைத்து வெறும் காற்றுத்தான் வந்தது.

அப்போது மிகக் கிட்டவே இருந்த ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து அவர் எழுந்து வந்தார். இரண்டு கைகளையும் தலையில் வைத்திருந்தார். மூத்த காவலர் தானே அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி, ஜக்கெற்றுக்குள் விட்டார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"முதலே கேட்டது."

"பேந்து ஏன் வரேல்லை?"

"உம்மைப் பிடிச்சு வச்சு, அடிச்சுக் கூப்பிட வைக்கிறாங்கள் எண்டு நினைச்சன்."

"தாரா சுட்டது எண்டும் சொன்னனே."

"அதையும் அவங்கள்தான் சொல்ல வைக்கிறாங்கள் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். பழைய கார் உடனே பிடிக்கவில்லை.

"உம்மட சத்தம் நிண்டு போச்சு," என்றார். "இனி என்னைக் கொண்டு போகட்டும் எண்டு வந்தனான்."