பச்சையிலிருந்து பழுப்புக்கு

எங்கள் பழைய செயற்பொறியாளர் வீட்டு நீச்சல் குளத்தை நான் முதலில் பார்த்தபோது அது கொத்தமல்லிச் சட்னியின் நிறத்தில் இருந்தது. ஜீயபுரத்தில் வாழைத் தோப்புகளுக்கு நடுவே மகன் கட்டிக்கொடுத்த வீடு. மகன் வெளிநாட்டில் இருந்த நாட்களில், ஃபில்டர் போடுகிற சத்தம் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்தி வைத்திருக்கிறார். ஓடாத தண்ணீரில் பாசி பிடிக்கும் என்பது குளத்துத் தவளைக்கும் தெரியும். குடிநீர்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவருக்குத் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு எண்பதாம் கல்யாணம். பந்தல் குளத்தங்கரையில்தான். பல வருடங்களாகப் பேச்சே இல்லாதவர் திடீரென்று போன் செய்தார். "என்னய்யா கெமிஸ்ட், உசுரோடதான் இருக்கியா? குளம் பச்சையாப் போச்சு. ஒரு எட்டு வந்து பாரு." என் பெயர் அவருக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. திருவானைக்காவலில் இருந்து பஸ் பிடித்துப் போனேன். உதவி செய்யப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் இன்னும் எவ்வளவு கெடும் என்று பார்க்கத்தான் போனேன்.

நான் துறையின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேதியியலாளனாக இருந்தேன். அவர் எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. ஆய்வுக் கூட்டங்களில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்." ஒரு முறை புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரில் இரும்பு அதிகம் என்று கண்டுபிடித்தேன். அந்தத் தண்ணீரில் நேராக பிளீச்சிங் பவுடர் போட்டால், கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்பெல்லாம் துருவாக வெளியே வரும். கூட்டத்தில் அவர் கேட்டது வேறு. "பிளீச்சிங் போட்டா கிருமி சாகுமா, சாகாதா?" "சாகும் சார். ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்னைப் பேச விடவில்லை. போட்டார்கள். ஒரு தெரு முழுக்க வெள்ளை வேட்டிகள் காவி வேட்டிகளாயின. ஜனங்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டபோது அவர் வெளியே வந்து, "எங்க கெமிஸ்ட்டைக் கேட்டுத்தான் போட்டோம்" என்று என்னைக் கைகாட்டினார். தண்டனை, பச்சைமலையில் ஒரு நீரேற்று நிலையத்துக்கு மாற்றல். அங்கே ஆய்வகமே கிடையாது. என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வலி எடுத்த செய்தி வந்து, நான் மலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது என் மகள் பிறந்து, அவளைக் குளிப்பாட்டி, தூங்கவும் வைத்துவிட்டார்கள். மனைவி குழந்தையை என் பக்கம் திருப்பாமல் தன் பக்கமே அணைத்துக்கொண்டாள். அது வேறு விதமான தண்டனை.

ஜீயபுரத்துக்கு நான் போனபோது அவர் குளத்தங்கரையில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு சுருங்கியிருந்தது, குரல் சுருங்கவில்லை. பச்சையைப் போக்க முறையென்று ஒன்று இருக்கிறது. முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பிறகு சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியைக் கிளப்ப வேண்டும். ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, சாயங்காலம் வெயில் இறங்கிய பின் குளோரின் போட வேண்டும். ஆனால் தண்ணீரில் இரும்பு இருக்கிறதென்றால் குளோரினைத் தொடுவதற்கு முன் அதற்குத் தனியாக வழி செய்ய வேண்டும். குளத்தை நிரப்பும் போர் குழாயின் வாயில் செங்காவியாக ஒரு படிவு இருந்தது. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பழைய ஆணியைச் சப்பியது போலிருந்தது. சோதனைக் குழாய் தேவைப்படவில்லை.

"பச்சை போகுமா, போகாதா?" என்றார்.

"பிளீச்சிங் போட்டா போகும் சார். ஆனா போர் தண்ணியில..."

"கதை சொல்லாதய்யா. எவ்வளவு போடணும், அத மட்டும் சொல்லு."

சொன்னேன். அளவு சரியான அளவுதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பல முறை எச்சரித்தேன் என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். ஒரு முறைதான் வாயைத் திறந்தேன், அதுவும் அவர் மூடுவார் என்று தெரிந்தே. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காவிரி அன்று மிக அழகாக இருந்தது.

இன்றுவரை எனக்கு வியப்பு ஒன்றுதான். ஒரு தெருவையே காவியாக்கிய மனிதர் அதே தவற்றை எப்படி மறுபடி செய்தார்? யோசித்தால் வியக்க ஒன்றுமில்லை. பழியை என் தலையில் கட்டி அனுப்பிவிட்டதால், பாடமும் என்னோடு மலையேறிவிட்டது. அவருக்குப் படிக்க எதுவும் மிச்சமில்லை.

ஞாயிறு காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாதஸ்வரம் ரோட்டுக்குக் கேட்டது. பச்சை போயிருந்தது, வாக்குத் தவறவில்லை. அதற்குப் பதில் குளம் முழுக்கக் கடுங்காப்பி. படிகளிலும் சுவர்களிலும் துரு அப்பியிருந்தது. முந்தின இரவுதான் வந்து இறங்கிய மகன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். போட்டோ எடுப்பவர் எங்கே நிற்க வைத்தாலும் பின்னால் குளம் வந்தது. "யாருப்பா இதைப் போடச் சொன்னது?" என்று மகன் கேட்டான். மாலையும் கழுத்துமாக இருந்தவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து விரலை நீட்டினார். "இந்தா நிக்கிறானே, கெமிஸ்ட். இவனைக் கேட்டுத்தான் போட்டேன்."

அதே விரல். ஆனால் என்னை மாற்றல் செய்ய இப்போது அவரிடம் ஊர் எதுவும் இல்லை. பந்தலில் பாதிப் பேர் எங்கள் பழைய துறை ஆட்கள். எல்லாரும் கேட்கும்படி, குரலை உயர்த்தாமல், அன்றைய ஆய்வுக் கூட்டத்தில் பாதியில் நின்ற வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தேன். தண்ணீரில் இரும்பு, அதில் பிளீச்சிங், அதனால் துரு. அன்றைக்குத் தெருவில் நடந்ததும் இதுவே, இன்றைக்கு இங்கே நடந்ததும் இதுவே, இரண்டு இடத்திலும் போடச் சொன்னவர் ஒருவரே. முன்வரிசையில் யாரோ ஒருவர், "அட, அப்ப அந்த வேட்டி விவகாரமும் சாரோட வேலைதானா!" என்றார். சிரிப்பு பின்வரிசை வரை போனது. அவர் மனைவி மாலையைச் சரிசெய்தபடி, "இவரு யாரைத்தான் பேச விட்டாரு?" என்றார். அந்த அம்மாளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எங்கள் துறையில் இருந்திருந்தால் நாங்கள் நல்ல நண்பர்களாக இருந்திருப்போம்.

"இதுக்கு என்னங்க வழி?" என்று மகன் என்னிடம் கேட்டான். பணிவாகத்தான் கேட்டான். சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த வைட்டமின் சி மாத்திரையை எடுத்து, குனிந்து மேல் படியில் அழுத்தித் தேய்த்தேன். துரு கரைந்து, உள்ளங்கை அகலத்துக்குப் படியில் பதித்த ஓடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. "இரும்புக் கறைன்னா இதுக்குக் கட்டுப்படும் தம்பி. ஆனா குளோரின் முழுக்க இறங்கின பிறகுதான் குளம் பூராவும் செய்ய முடியும். இன்னிக்கு ஆகாது." மேற்கொண்டு முறை முழுவதையும் வரிசையாகச் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. நீங்களே வந்து செய்துகொடுங்கள் என்றான். கை கழுவிக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு தரம் வாங்கினேன்.

மகன் மறுபடி விமானம் ஏறிவிட்டானாம். நான் சொன்ன முறையை யாரும் செய்து பார்க்கவில்லை என்று கேள்வி. பெரியவர் காலையில் அதே குளத்தங்கரையில்தான் காப்பி குடிக்கிறாராம். குடிக்கட்டும். நான் துடைத்துக் கொடுத்தது ஒரு கையளவு. அவ்வளவு சுலபமாகப் போகக்கூடிய கறைதான் இது என்று அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அது போதும்.